முதல் வார்டு போஸ்டிங்குக்குப் போகும் முன்: நோயாளியையும் உங்களையும் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றாம் ஆண்டு நர்சிங் படிக்கும்போது, ஒரு ராத்திரி டியூட்டியில் ஊசி முனை என் இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. ரத்தம் எடுத்து முடித்துவிட்டு, கழற்றிய மூடியைத் திரும்பப் போடப் போன நேரம். வந்தது ஒரு பொட்டு ரத்தம்தான். கையுறையைக் கழற்றிப் போட்டேன். ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வார்டு இன்சார்ஜ் திட்டுவார், மார்க் போய்விடும் என்ற பயம்தான் காரணம். இரண்டு நாள் கழித்து அந்த நோயாளியின் ரிப்போர்ட் வந்தது. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) பாசிட்டிவ். எனக்கு அப்போது தடுப்பூசியில் இரண்டு டோஸ்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆறு மாதம் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முந்தின இரவு தூக்கம் வரவில்லை. கடைசியில் ஒன்றும் ஆகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

இப்போது மாணவர்களை வார்டுக்கு அழைத்துப் போகிற வேலை என்னுடையது. முதல் நாள் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், தவறு நடந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். கீழே உள்ள எல்லா வழிமுறைகளும் அதில்தான் வந்து சேரும். நர்சிங், எம்பிபிஎஸ், லேப் டெக்னீசியன், பிசியோதெரபி, எக்ஸ்ரே என்று எந்தப் படிப்பாக இருந்தாலும் இது பொருந்தும்.

போஸ்டிங்குக்கு ஒரு மாதம் முன்பே

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறாவது மாதம். பெரும்பாலான கல்லூரிகளில் ஊசி போட்டுவிடுகிறார்கள். அது வேலை செய்ததா என்று பார்ப்பதுதான் விட்டுப்போகிறது. மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள், ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று காட்டும் ஆன்டி எச்பிஎஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அளவு 10க்குக் குறைவாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், மறுபடி தடுப்பூசி தேவைப்படலாம். ரிப்போர்ட்டைப் படமெடுத்து போனில் வைத்திருங்கள். ஊசி குத்திய ராத்திரியில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். சின்னம்மை, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), டெட்டனஸ் ஊசிகளைப் பற்றியும் கல்லூரியில் கேட்டுவிடுங்கள்.

கால் முழுவதும் மூடிய ஷூ அணியுங்கள். மேல்பக்கம் ஓட்டை உள்ள செருப்பு வேண்டாம், கீழே நழுவும் ஊசி நேராகப் பாதத்தில்தான் விழும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரமும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் நிறையப் பேர். அது நாள் முழுக்க ஈரத்தோடு இருக்கும், எத்தனை முறை கை கழுவினாலும் சுத்தமாகாது. நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. கயிற்றை முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முதல் முறை ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும்போது மயக்கம் வருவது சகஜம். கண் இருட்டினால் கூச்சப்படாமல் "சிஸ்டர், தலை சுத்துது" என்று சொல்லி, பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிடுங்கள். சமாளித்து நின்று நோயாளியின் மேலோ கருவி மேசையிலோ விழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கை கழுவுவது

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். பிணவறையில் சடலத்தை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்கு வந்தவர்கள் அவர்கள்தான் என்பதை இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. மாணவர் கை எவ்வளவு ஆபத்தானது, எவ்வளவு எளிதாக அந்த ஆபத்தை நீக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களை மனப்பாடம் செய்யுங்கள்: நோயாளியைத் தொடும் முன்; ஊசி, டிரெஸ்ஸிங், யூரின் டியூப் போன்ற சுத்தமான வேலைக்கு முன்; ரத்தம், சளி, சிறுநீர் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின்; நோயாளியைத் தொட்ட பின்; அவரைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டில், மேசை, டிரிப் ஸ்டாண்டைத் தொட்ட பின். ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஆல்கஹால் ஹேண்ட்ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. கட்டைவிரலும் விரல் நுனிகளும் விட்டுப்போகாமல் தேய்க்க வேண்டும். கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தாலும் சோப்புதான் போட வேண்டும். சில கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

ஒரே கையுறையோடு நாலு படுக்கைக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தக் கையுறை காப்பது போட்டிருப்பவரை மட்டும்தான். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. கழற்றியதும் கை கழுவ வேண்டும்.

ஆளைச் சரியாகத் தெரிந்துகொள்வது

நம் ஊர் வார்டில் ஒரே நேரத்தில் மூன்று மாரியம்மாள் இருப்பார்கள், நாலு முருகன் இருப்பார்கள். இனிஷியலும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும். கட்டில் எண்ணை நம்பவே கூடாது. ஃபேன் ஓடவில்லை, ஜன்னல் பக்கம் காற்று வருகிறது என்று நோயாளிகள் தாங்களாகவே இடம் மாறிப் படுத்துக்கொள்வார்கள்.

"நீங்கதானே மாரியம்மாள்?" என்று கேட்காதீர்கள். காது சரியாகக் கேட்காத பாட்டியும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும், டாக்டர் கேட்டால் தலையாட்ட வேண்டும் என்று நினைப்பவரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "அம்மா, உங்க பேரை முழுசா சொல்லுங்க" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். கூடவே இரண்டாவது அடையாளம் ஒன்று வேண்டும். கணவர் பெயரைக் கேட்டால் வயதான பெண்கள் பலர் இன்னமும் சொல்லத் தயங்குவார்கள். அதற்காகச் சலித்துக்கொள்ளாமல் வயது, ஊர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) ஆகியவற்றைக் கையில் உள்ள பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒத்துப் பாருங்கள். மாத்திரை, ஊசி, ரத்தம் எடுப்பது, ரத்தம் ஏற்றுவது, ஸ்கேனுக்கு அழைத்துப் போவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ரத்தக் குழாயில் லேபிளை அந்த நோயாளியின் பக்கத்தில் நின்றே ஒட்டுங்கள். நர்ஸ் மேசைக்குக் கொண்டுவந்து ஒட்டும்போதுதான் குழாய்கள் மாறுகின்றன.

மருந்து

சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் வகுப்பில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல விரும்புவது வார்டில் கண்ணெதிரே நடக்கும் இரண்டு மூன்று விஷயங்களை.

முதலாவது இன்சுலின். நம் நாட்டில் வயலில் (சிறு மருந்துக் குப்பியில்) வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் போடும் பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் இருப்பது 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவசரத்தில் வித்தியாசமே தெரியாது. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. விடிவதற்குள் நோயாளி மயக்கத்துக்குப் போய்விடுவார். 40 யூனிட் வயலில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடு இழுத்தால் வெறும் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை குறையாது. அதனால் வயலில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படியுங்கள், சிரிஞ்சில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படியுங்கள், இரண்டும் ஒன்றுதானா என்று இன்னொருவரிடம் காட்டுங்கள். பேனா கார்ட்ரிட்ஜில் இருந்து சிரிஞ்சில் இழுக்கவே கூடாது.

இரண்டாவது பொட்டாசியம் குளோரைடு. பார்வைக்கு மற்ற ஆம்பூல்களைப் போலத்தான் இருக்கும். கரைக்காமல் நேராக ரத்த நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மாணவர்கள் அதைத் தனியாகத் தொடக்கூடாது. மற்ற ஆம்பூல்களோடு ஒரே ட்ரேயில் அதைப் பார்த்தால் உடனே ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது பெயர் எழுதாத சிரிஞ்சு. மருந்தை இழுத்தவர்தான் போட வேண்டும். "பாப்பா, இதை ஏழாம் பெட்டுக்குப் போட்டுடு" என்று யாராவது ஏற்றிய சிரிஞ்சைக் கையில் கொடுத்தால், "அக்கா, இது என்ன மருந்துன்னு தெரியாம நான் போட முடியாது, ஆம்பூலைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். முதல் தடவை முறைப்பார்கள். பரவாயில்லை.

அலர்ஜி பற்றிக் கேட்கும்போது "அலர்ஜி இருக்கா?" என்றால் பலருக்குப் புரியாது. "முன்னாடி ஏதாவது ஊசி, மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா? உடம்பு தடிச்சுதா, மூச்சு திணறுச்சா?" என்று கேட்டால் பதில் வரும்.

ரத்தம் ஏற்றும்போது பையையும் நோயாளியையும் இரண்டு பேர் கட்டில் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும். முதல் 15 நிமிடம் அங்கிருந்து நகராதீர்கள். குளிர், நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் என்று எதைச் சொன்னாலும் முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள், அப்புறம் ஓடிப்போய்க் கூப்பிடுங்கள்.

ஊசியும் கூர்மையான பொருட்களும்

ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். என் விரலில் ஏறியது அப்படித்தான். தவிர்க்க முடியாத நேரத்தில் மூடியைத் தட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் மட்டும் ஊசியை அதற்குள் நுழைத்து நிமிர்த்துங்கள். இன்னொரு கை பின்னால் இருக்கட்டும். ஊசி போடும் முன்பே, அதைப் போட வேண்டிய வெள்ளைப் பெட்டியோ நீடில் கட்டரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்திய ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டின் அந்தக் கோடிக்கு நடப்பதில்தான் பக்கத்தில் வருபவர்களுக்குக் குத்துகிறது. பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றச் சொல்லுங்கள். உள்ளே கைவிட்டு அமுக்கக் கூடாது. மெத்தை மேல் ஊசியை வைக்காதீர்கள். மறுநாள் விரிப்பை உதறும் பணியாளர் அக்காவின் கையில் அது ஏறும். அவருக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கண்ணாடி ஆம்பூலை உடைக்கும்போது கழுத்தைச் சுற்றி காஸ் துணி வைத்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உடையுங்கள்.

சரி, குத்தியே விட்டது. இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. வேலையை நிறுத்துங்கள். நோயாளி பாதுகாப்பாக இருக்கும்படி பக்கத்தில் இருப்பவரை அழையுங்கள்.
2. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்ற வேண்டாம். கண்ணில் தெறித்தால் தண்ணீரோ சலைனோ விட்டு நிறையக் கழுவுங்கள்.
3. டியூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸிடமும் டாக்டரிடமும் உடனே சொல்லுங்கள். "காலையில் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.
4. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள் போவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். ராத்திரி ஏஆர்டி மையம் (எச்ஐவி மருந்து தரும் இடம்) பூட்டியிருந்தால் கேஷுவாலிட்டியில் கேளுங்கள்.
5. உங்கள் ரத்தத்தையும், சம்மதம் பெற்று நோயாளியின் ரத்தத்தையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் பார்ப்பார்கள். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பாற்றல் இல்லை என்றால் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள்) ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது.
6. சம்பவத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள். அடுத்தடுத்த பரிசோதனைத் தேதிகளைக் குறித்துவையுங்கள்.

பயம் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் ஊசி வழியாக ஏறினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம், அதாவது 300 பேரில் ஒருவர். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எல்லோரும் எச்ஐவியை நினைத்து நடுங்குகிறார்கள். உண்மையில் பெரிய ஆபத்தை மூன்று தடுப்பூசியால் தடுத்துவிடலாம்.

கழிவு, இருமல், எக்ஸ்ரே

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி: ரத்தம் தோய்ந்த பஞ்சு, உடல் பாகங்கள், காலாவதி மருந்து மஞ்சளில்; ஐவி செட், யூரின் பை, ஊசி கழற்றிய சிரிஞ்சு, கையுறை சிவப்பில்; ஊசி, பிளேடு வெள்ளைப் பெட்டியில்; கண்ணாடி வயல், ஆம்பூல் நீலத்தில். சந்தேகம் வந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள்.

காசநோய் சந்தேகம் உள்ளவருக்குச் சாதாரண மாஸ்க், உங்களுக்கு என்95. அதைப் போட்டதும் இரண்டு கையாலும் மூடி மூச்சை வேகமாக விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் மறுபடி பொருத்துங்கள். தாடி இருந்தால் பொருந்தாது. குளிர்கிறது என்று யார் சொன்னாலும் அந்த அறையின் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். 2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிராவில் நிபா வைரஸ் தொற்றிய நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி அதே நோயால் இறந்தார். அந்த நேரத்தில் அது என்ன காய்ச்சல் என்றே யாருக்கும் தெரியவில்லை. நோயின் பெயர் தெரியும் வரை காத்திருக்காமல், காய்ச்சலோடு இருமுகிற எல்லோரிடமும் மாஸ்க் போட்டே நெருங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

வார்டுக்குள் எக்ஸ்ரே மெஷின் வந்தால் இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐ அறையின் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய், காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

தூக்குவது, திருப்புவது

நம் தொழிலில் முதுகு போவது சீக்கிரம். கட்டிலில் இருந்து டிராலிக்கு மாற்றும்போது முதலில் இரண்டின் பிரேக்கையும் காலால் அழுத்திப் பாருங்கள், உயரத்தைச் சமமாக்குங்கள். அக்குளைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் உள்ள விரிப்பைப் பிடித்து இழுங்கள். நாலு பேர் வரும் வரை காத்திருங்கள். தலைப்பக்கம் நிற்பவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லட்டும். யூரின் டியூப், டிரிப் டியூப் எங்கே மாட்டுகிறது என்று மூன்று சொல்லும் முன் பாருங்கள்.

வாய் திறந்து சொல்வது

இதுதான் மாணவர்களுக்குக் கடினம். சீனியர் முன்னால் எப்படிப் பேசுவது? மூன்று படியாகப் பழகுங்கள். முதலில், "சார், ஒரு சந்தேகம்." கேட்கவில்லை என்றால், "சார், இது சரியா இருக்கான்னு எனக்குப் பயமா இருக்கு, கிளவுஸ் ட்ராலி ஓரத்துல பட்டுடுச்சு." அப்போதும் கேட்கவில்லை என்றால், "சார், நிறுத்துங்க, நோயாளிக்கு ஆபத்து." இதை ஹாஸ்டலில் தோழியோடு சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பழகாத வாக்கியம் அவசரத்தில் வராது.

போனில் டாக்டரை அழைக்கும்போது "பேஷண்ட் சரியில்ல சார், வாங்க" என்றால் அவரால் ஒன்றும் முடிவெடுக்க முடியாது. இப்படிச் சொல்லுங்கள்: "சார், எலும்பு வார்டுல இருந்து மூணாம் வருஷ மாணவி பேசறேன். பெட் 14, வள்ளியம்மாள், 62 வயசு. திடீர்னு மூச்சுத் திணறுது. நேத்து இடுப்பு ஆபரேஷன் ஆச்சு. ஆக்சிஜன் அளவு 84, நாடி 128. மாஸ்க்ல ஆக்சிஜன் ஆரம்பிச்சாச்சு, சிஸ்டர் கூட இருக்காங்க. நீங்க உடனே வந்து பார்க்கணும்." அவர் ஏதாவது மருந்து சொன்னால் பெயரையும் அளவையும் திரும்பச் சொல்லி "சரிதானே சார்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் உடலுக்கும் மானத்துக்கும்

2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை அரசு மருத்துவமனையில், போலீஸ் அழைத்து வந்த ஒருவர், காயத்துக்குக் கட்டுப்போடும் இடத்திலிருந்த கத்தரிக்கோலால் ஹவுஸ் சர்ஜன் ஒருவரைக் குத்திக் கொன்றார். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர், ஓய்வெடுத்த செமினார் அறையிலேயே பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். இதை எழுதும்போது கை கனக்கிறது. கட்டடத்தையும் காவலையும் சரிசெய்வது நிர்வாகத்தின் கடமை. மாணவர் தலையில் அதைக் கட்டக்கூடாது. ஆனாலும் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கருவி ட்ரேயை நோயாளியின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கதவுக்கும் உங்களுக்கும் நடுவே ஆத்திரத்தில் இருப்பவர் நிற்கும்படி விடாதீர்கள். குரல் உயர்ந்தால் வாதாடாமல் வெளியே வந்து ஆளைக் கூப்பிடுங்கள். ராத்திரி லேபுக்கோ ரத்த வங்கிக்கோ தனியாகப் போகாதீர்கள். தாழ்ப்பாள் இல்லாத அறையில் தூங்க வேண்டியிருந்தால் கல்லூரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

பாலியல் தொல்லை கொடுப்பவர் சீனியராக இருந்தாலும் நோயாளியாக இருந்தாலும் அது புகாருக்கு உரியதுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

தவறு நடந்த பிறகு

சம்பவப் படிவத்தில் நேரம், நடந்தது, யாரிடம் சொன்னீர்கள், நோயாளிக்கு என்ன செய்யப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள். ஊகமும் பழியும் வேண்டாம். கேஸ் ஷீட்டில் எழுதியதை அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது.

சில வருடங்களுக்கு முன் காலை ஆறரை மணிக்கு ஒரு மாணவி அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையை அதே பெயருள்ள, சர்க்கரை நோயே இல்லாத இன்னொரு பாட்டிக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. டாக்டரை அழைத்தோம், பாட்டியிடமும் அவர் மகளிடமும் நடந்ததைச் சொன்னோம், இட்லியும் சர்க்கரை போட்ட காபியும் கொடுத்தோம், டெக்ஸ்ட்ரோஸை (சர்க்கரைக் கரைசல்) தயாராக வைத்தோம். மணிக்கு ஒரு முறை விரலில் குத்திப் பார்த்தோம். ஒன்பதரைக்குச் சர்க்கரை அளவு 58. உடனே டெக்ஸ்ட்ரோஸை ஏற்றினோம். பதினோரு மணிக்கு 112. மறுநாள் காலை வரை அந்த மாணவிதான் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் எழுதினாள்.